பக்கத்தில் நின்றவர்



மேடையில் சிரிக்க வைப்பவர் எழுத்தாளராவது பெரிய மாற்றமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வாயால் சொன்னதைக் கையால் எழுத வேண்டியதுதானே என்கிறார்கள். அரங்கத்தின் பக்கவாட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கூட்டத்தை அதிரவைக்கும் நடிகர்களில் பலருக்குத் தாம் எதனால் சிரிப்பை வாங்கினோம் என்று சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. உடம்பில் ஊறியதைச் செய்துவிட்டுப் போகிறார்கள். சிட்காம் எனப்படும் அரை மணி நேரத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றை வாரம் தவறாமல் எழுத வேண்டியிருக்கும்போது அந்த ஊறல் மட்டும் போதாது. என்னைக் கேட்டால், அதற்கு வேண்டிய சரக்கு சிரிப்பை வாங்குபவரைவிட அவருக்குப் பக்கத்தில் நிற்பவரிடம்தான் அதிகம் இருக்கும் என்பேன். இதைச் சொல்லத்தான் வந்தேன். சாட்சிக்கு ஒருவரை அழைத்து வந்திருக்கிறேன்.

அவர் பெயர் கார்ல் ரைனர். ‘ஓஷன்ஸ் லெவன்’ படத்துக் கொள்ளைக் கூட்டத்தில் வயதான ஆளாக, சால் புளூம் என்ற பாத்திரத்தில் வருவார். பெயர் தெரியாமலே உங்களில் பலர் அவரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் வந்தது 2001-ல். நான் பேசப்போவது அதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் முந்திய கதை.

1922-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தார். யூதக் குடும்பம், அப்பா கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். பையன் பதினாறு, பதினேழு வயதில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடையில் எடுபிடி. அண்ணன் சார்லி பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்பைப் பார்த்தார்: நாடக நடிப்பு வகுப்பு, கட்டணம் இல்லை. ரூஸ்வெல்ட் அரசாங்கம் பெருமந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்காக நடத்திய திட்டத்தின் கீழ் நடந்த வகுப்பு அது. சாலை போட்டது போலவே நாடகமும் போட்டார்கள், ஓவியமும் வரைய வைத்தார்கள். மக்கள் வரிப்பணம் பாழாகிறது என்று அப்போதே திட்டியவர்கள் உண்டு. தம்பியைக் கிளப்பி அனுப்பியவர் சார்லி. தன் பிழைப்பு முழுவதும் அண்ணன் போட்ட பிச்சை என்கிற மாதிரிதான் ரைனர் கடைசிவரை பேசினார்.

பிறகு உலகப் போர். ராணுவத்தில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் ஆவதற்குப் படிக்க வைத்து, ஹவாய்க்கு டெலிபிரின்டர் வேலைக்கு அனுப்பினார்கள். ராணுவம் எந்த நாட்டிலும் ராணுவம்தான். அங்கே படைவீரர்களுக்கு நாடகம் போடும் பிரிவில் சேர்ந்து பசிபிக் தீவுகளைச் சுற்றினார். போர் முடிந்து திரும்பியதும் இசை நாடகங்கள், நியூயார்க்கின் பிராட்வே மேடை. 1950-ல் மேக்ஸ் லீப்மன் என்ற தயாரிப்பாளர் அவரைத் தொலைக்காட்சிக்கு அழைத்துக்கொண்டார்.

நிகழ்ச்சியின் பெயர் ‘யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்’. என்பிசி அலைவரிசையில் சனிக்கிழமை இரவு, ஒன்றரை மணி நேரம், நேரடி ஒளிபரப்பு. வசனம் மறந்தால் பார்த்துப் படிக்க அட்டை கிடையாது. தவறு நடந்தால் அமெரிக்கா முழுக்கத் தெரியும். கதாநாயகன் சிட் சீசர். எந்த மொழியும் தெரியாமல் எல்லா மொழியையும் பேசுவது போல நடிக்கக்கூடிய அசுரர். ஜெர்மன் பேராசிரியராக வருவார், வாயைத் திறந்தால் உளறல், ஆனால் ஜெர்மன்காரரே ஒரு நிமிடம் யோசிப்பார். அவருக்கு எதிரில் மழைக்கோட்டும் தொப்பியும் போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் பேட்டி எடுக்கும் நிருபர்தான் ரைனர்.

வில்லுப்பாட்டில் புலவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஆமா’ போடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். கதை புலவருடையது, கைதட்டலும் புலவருக்கு. ஆனால் ‘அப்படியா, அப்புறம்?’ என்று அவர் சரியான இடத்தில் கேட்காமல் போனால் கதை அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அரை நொடி முன்னால் கேட்டாலும் கெட்டது, பின்னால் கேட்டாலும் கெட்டது. ரைனர் ஏழு வருடம் அந்த வேலை பார்த்தார். முதலில் இந்த நிகழ்ச்சி, 1954-ல் அது நின்ற பிறகு ‘சீசர்ஸ் அவர்’. துணை நடிகருக்கான எம்மி என்ற தொலைக்காட்சி விருதை இரண்டு முறை வாங்கினார். வாரம்தோறும் சீசரின் முகத்துக்கு நேர் எதிரில் நின்று, எந்தச் சொல்லில் அரங்கம் சிரிக்கிறது, எந்த மௌனத்தில் சிரிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்?

அந்த நிகழ்ச்சிக்கு எழுதியவர்களின் அறையைப் பற்றிப் பல புத்தகங்களும் நாடகங்களும் வந்துவிட்டன. மெல் டோல்கின், லூசில் காலன், மெல் புரூக்ஸ், நீல் சைமன், பிற்பாடு லாரி கெல்பார்ட் எல்லோரும் ஒரே அறையில் சுருட்டுப் புகைக்கு நடுவே கத்திக்கொண்டிருந்தார்கள். ரைனர் நடிகராகத்தான் சம்பளம் வாங்கினார், எழுத்தாளர் அறையில் அவருக்கு வேலையே இல்லை. ஆனாலும் போய் உட்கார்ந்துவிடுவார். எழுத்தாளர் பட்டியலில் பெயரும் வராது. இந்த இலவச உழைப்பைத் தியாகம் என்று சொல்ல மாட்டேன். நல்ல கூட்டத்தில் உட்காரக் கிடைத்த ஆசை என்றுதான் சொல்வேன்.

அந்த அறையில் நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். நீல் சைமன் அப்போது இளைஞர், கூச்ச சுபாவம். பிற்காலத்தில் அமெரிக்க நாடக மேடையையே ஆண்டவருக்கு அந்தக் கூச்சலில் குரல் எழும்பாது. ஒரு நல்ல வரி தோன்றினால் பக்கத்தில் இருக்கும் ரைனரின் காதில் முணுமுணுப்பார். ரைனர் எழுந்து நின்று, நீலிடம் இருக்கிறது, நீலிடம் இருக்கிறது என்று கத்தி எல்லோரையும் அடக்கிவிட்டு, அந்த வரியை நடித்துக் காட்டுவார். நம் ஊர்க் கதை விவாதங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் புரை ஏறும். காதில் விழுந்த வரியைத் தன் வரியாகச் சொல்லிவிட்டுப் போவதுதானே வழக்கம்? இவர் சொந்தக்காரன் பெயரை முதலில் சொன்னார், வரியைப் பிறகு சொன்னார். இந்தக் குணம் பின்னால் அவருக்குப் பெரிய லாபத்தைக் கொண்டுவந்தது. அதற்கு வருகிறேன்.

மெல் புரூக்ஸோடு அவர் செய்த ‘இரண்டாயிரம் வயதுக் கிழவர்’ உருப்படியும் அந்த அறையில்தான் தொடங்கியது. ஒரு நாள் ரைனர் திடீரென்று புரூக்ஸ் பக்கம் திரும்பி, நிருபர் குரலில், ஏசு சிலுவையில் அறையப்பட்ட போது நேரில் இருந்தவர் இவர் என்று அறிமுகம் செய்து பேட்டியைத் தொடங்கிவிட்டார். புரூக்ஸுக்கு முன்னறிவிப்பு கிடையாது. ஒல்லியான பையன், காலில் செருப்பு, கடைக்கு வருவான், எதுவும் வாங்க மாட்டான் என்று தன் பாட்டி தாத்தா பேசும் யூத உச்சரிப்பில் அளக்க ஆரம்பித்தார். பத்து வருடம் இது நண்பர்கள் வீட்டு விருந்துகளில் மட்டுமே நடந்தது. போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த உச்சரிப்பை வெளியார் கேலிக்கு எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சம் இருவருக்கும் இருந்தது. 1960-ல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஸ்டீவ் ஆலன் வற்புறுத்திப் பதிவுக்கூடத்துக்கு அனுப்பியபின் இசைத்தட்டாக வந்து சக்கைப்போடு போட்டது. இன்று கேட்டாலும் எல்லோரும் புரூக்ஸின் பதிலைத்தான் பாராட்டுகிறார்கள். நீங்கள் கேட்கும்போது கேள்விகளைக் கவனியுங்கள். புரூக்ஸ் தப்பிக்க ஒரு சந்து கண்டுபிடித்ததும் ரைனர் அந்தச் சந்தை அடைப்பார், மிக மரியாதையாக. மாட்டிக்கொண்ட புத்திசாலிதான் வேடிக்கையாகப் பேசுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கதைப்பாத்திரத்தை எந்த மூலையில் நெருக்கினால் சிரிப்பு வரும் என்ற கணக்கும் இதேதான். சிட்காம் எழுத்தில் பாதி இந்தக் கணக்கு.

1957-ல் ‘சீசர்ஸ் அவர்’ நின்றது. முப்பத்தைந்து வயது, மனைவி, குழந்தைகள். நாயகனாக நடிக்கச் சொல்லிப் பல சிட்காம் ஸ்கிரிப்ட்கள் வந்தன. ஒன்றும் தேறவில்லை. இதைவிட நீங்களே நன்றாக எழுதுவீர்களே என்று சொன்னவர் மனைவி எஸ்டெல். அந்தச் சமயத்தில் ரைனர் நியூ ரோஷெல் என்ற புறநகரில் குடியிருந்தார். அங்கிருந்து மன்ஹாட்டனுக்குக் கார் ஓட்டிப் போகும்போது தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டதாகப் பின்னாளில் சொல்வார். வேறு யாரும் நிற்காத, நான் மட்டும் நிற்கிற இடம் எது? பாருங்கள், இங்கேயும் கேள்விதான். பதில் எளிமையாக வந்தது. புறநகரில் குடும்பம், நகரத்தில் ஒரு காமெடி நிகழ்ச்சியின் எழுத்தாளர் அறை, இரண்டுக்கும் நடுவே தினமும் போய்வரும் ஒரு மனிதன்.

1958 கோடைக்காலத்தில் ஃபயர் ஐலண்ட் என்ற கடற்கரைத் தீவில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ஒன்று எழுதிவிட்டு யாராவது வாங்குகிறார்களா என்று பார்ப்பதுதான் தொழில் வழக்கம். இவர் பதின்மூன்று அத்தியாயங்களை எழுதி முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தார். தன்னோடு வேறு யாராவது எழுத வந்தால் இந்த மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படி நடந்துகொள்வார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது காரணம். கதாநாயகன் பெயர் ராப் பெட்ரி. மனைவி லாரா. அலுவலகத்தில் கூட எழுதும் பட்டி சோரல் என்கிற வாயாடி மெல் புரூக்ஸின் சாயல். சாலி ரோஜர்ஸ் என்ற பெண் எழுத்தாளர், லூசில் காலனும் செல்மா டயமண்டும் கலந்த சாயல். குடியிருப்பது பானி மெடோ சாலையில். ரைனர் குடியிருந்ததும் அதே சாலைதான், கதவு எண்ணுக்கு முன்னால் ஒரு ‘1’ மட்டும் சேர்த்துக்கொண்டார்.

அன்றைய அமெரிக்கக் குடும்பத் தொடர்களில் அப்பாக்கள் சாயங்காலம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார்கள். எங்கிருந்து வருகிறார்கள், என்ன வேலை என்று யாரும் பெரிதாகக் காட்டியதில்லை. சம்பளம் மட்டும் மர்மமாக வந்துகொண்டிருக்கும். ரைனர் அலுவலகத்தையும் வீட்டையும் சம எடையில் வைத்தார். மூன்று பேர் ஒரு அறையில் அடைந்துகொண்டு ஒரு நகைச்சுவைக் காட்சி வராமல் திண்டாடுவதையே காட்சியாக்கினார்.

‘ஹெட் ஆஃப் தி ஃபேமிலி’ என்று பெயர் வைத்து மாதிரி அத்தியாயத்தை எடுத்தார்கள். ராப் பெட்ரியாக நடித்தவர் ரைனரே. பணம் வந்த வழி விசித்திரமானது. நடிகர் பீட்டர் லாஃபோர்ட், கென்னடி வீட்டு மாப்பிள்ளை, தயாரிக்க விரும்பினார். குடும்பப் பணம் சினிமாக்காரர்களிடம் போவதென்றால் மாமனார் ஜோசப் கென்னடி ஸ்கிரிப்டைப் படித்துச் சம்மதிக்க வேண்டும். அவரும் படித்தார், சம்மதித்தார். ஆனால் அந்த வருடங்களில் தொலைக்காட்சி வாங்கியதெல்லாம் குதிரையும் துப்பாக்கியும். படம் விலைபோகவில்லை. 1960 ஜூலையில், விலைபோகாத மாதிரிகளை ஒளிபரப்பும் கோடைக்கால நிகழ்ச்சி ஒன்றில் ஒரே ஒருமுறை காட்டி முடித்துக்கொண்டார்கள்.

கைவிட்டிருந்தால் இந்தச் சொற்பொழிவு இங்கே முடிந்திருக்கும். ஏஜென்ட் ஹாரி கால்ஹைம் விடவில்லை. பதின்மூன்று ஸ்கிரிப்ட்களையும் ஷெல்டன் லியோனார்டிடம் கொடுத்தார். லியோனார்ட் பழைய சினிமாக்களில் அடியாள் வேடம் போட்டவர், பிறகு பெரிய தயாரிப்பாளர். படித்துவிட்டு மறுபடியும் எடுப்போம் என்றார். ஒருமுறை தோற்ற சரக்கோடு இன்னொருமுறை தோற்க விருப்பமில்லை என்று ரைனர் மறுத்தார். தோற்க மாட்டீர்கள், உங்கள் வேடத்துக்கு உங்களைவிட நல்ல நடிகரைப் போடுவோம் என்ற பொருளில் லியோனார்ட் பதில் சொன்னார்.

கொஞ்சம் நின்று இதை யோசியுங்கள். தன் தெரு, தன் மனைவி, தன் அலுவலகம், தன் வாழ்க்கை. அதில் தானாக நடிக்கத் தான் பொருத்தமில்லை என்று ஒருவர் நேருக்கு நேர் சொல்கிறார். சொல்லப்பட்டவர் இரண்டு எம்மி வாங்கிய நடிகர். நம் மேடைகளில் எழுதி நடிக்கும் எத்தனையோ பேரை எண்ணிப் பார்க்கிறேன். ஸ்கிரிப்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். ரைனருக்கும் வலித்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அவர் பத்து வருடமாகக் கைதட்டலை எதிரில் இருப்பவருக்குக் கொடுத்துப் பழகியவர். மாற்று ஆளாக யோசித்தவர்களில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜானி கார்சனும் இருந்தார். லியோனார்ட் பரிந்துரைத்தது டிக் வான் டைக்கை. அப்போது பிராட்வேயில் ‘பை பை பேர்டி’ நாடகத்தில் ஆடிக்கொண்டிருந்த நெட்டைக்காலர். ரைனர் போய்ப் பார்த்தார், ஒப்புக்கொண்டார். வான் டைக்குக்குக் கால், கை, இடுப்பு எல்லாமே தனித்தனியாகச் சிரிக்க வைக்கும். ரைனரின் ராப் பெட்ரி கூர்மையானவன், வான் டைக்கின் ராப் பெட்ரி தடுமாறுகிறவன். வீட்டுக்குள் நீங்கள் வாராவாரம் அழைக்க விரும்புவது இரண்டாமவனைத்தான். இரண்டு மாதிரிப் படங்களையும் பார்த்தால் லியோனார்ட் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது.

‘தி டிக் வான் டைக் ஷோ’வின் முதல் அத்தியாயம் எடுக்கப்பட்டது 1961 ஜனவரி 20. அன்றுதான் ஜான் கென்னடி ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அக்டோபர் 3-ல் சிபிஎஸ் அலைவரிசையில் ஒளிபரப்பு தொடங்கியது. தொடங்கியதுமே தள்ளாட்டம்தான். முதல் ஆண்டிலேயே நிறுத்த முடிவு செய்துவிட்டார்கள். லியோனார்ட் விமானம் ஏறிச் சின்சினாட்டிக்குப் போய், ஸ்பான்சரான பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்திடம் பேசிப் பாதிப் பணத்துக்கு உறுதி வாங்கினார். மீதிப் பாதி ஒரு சிகரெட் கம்பெனியிடமிருந்து வந்தது. சோப்பும் சிகரெட்டும் சேர்ந்து காப்பாற்றிய கலைப்படைப்பு.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பு, ஒத்திகை, திருத்தம், ஒத்திகை, வாரக் கடைசியில் பார்வையாளர்கள் முன்னால் மூன்று கேமராவில் படப்பிடிப்பு. நாடக மேடையும் சினிமாவும் கலந்த இந்த முறையை ‘ஐ லவ் லூசி’ தொடர் ஏற்கெனவே நிலைநிறுத்தியிருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளின் ஸ்கிரிப்ட்களில் பெரும்பகுதி ரைனர் ஒருவர் கைப்பட வந்தது. சரக்கு எங்கிருந்து வந்தது? காலையில் வரும் நடிகர்களிடமும் தொழில்நுட்ப ஆட்களிடமும் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பார். மனைவியோடு சண்டையா, என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார்? மழைக்கோட்டு இல்லையே தவிர, அதே நிருபர். இன்னொரு பிடிவாதம், அந்தந்த வருடத்துக் கொச்சைச் சொற்களையும் அரசியல் செய்திகளையும் வசனத்தில் சேர்க்க மாட்டார். பழசாகிவிடும் என்பார். இன்றும் அந்தத் தொடர் ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

தனக்கென்று ஒரு வேடமும் எழுதிக்கொண்டார். எழுத்தாளர்கள் மூவரும் யாருக்காக உழைக்கிறார்களோ அந்த நட்சத்திரம், ஆலன் பிரேடி. அகம்பாவி, கத்துகிறவன். பயப்பட வேண்டிய பெரிய ஆளாக இருக்க வேண்டும், ஆனால் ரைனரின் முகம் அவ்வளவு பெரிய நட்சத்திரத்தின் முகம் இல்லை என்று அவருக்கே தோன்றியது. அதனால் தொடக்க ஆண்டுகளில் ஆலன் பிரேடியின் பின்னந்தலையையும் குரலையும் மட்டும் காட்டினார்கள். முகம் பிறகுதான் வந்தது. 1965-ல் லாரா ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வாய்தவறி, ஆலன் பிரேடி மண்டையில் இருப்பது பொய்முடி என்று நாடறியச் சொல்லிவிடுகிறாள். மேஜை நிறைய டோப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு, வழுக்கைத் தலையோடு அவற்றிடம் முறையிடும் ரைனரைப் பாருங்கள். அவருடைய நடிப்பின் உச்சம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த அத்தியாயத்தை எழுதியவர் ரைனர் இல்லை. பில் பெர்ஸ்கி, சாம் டெனாஃப் என்ற இரண்டு இளைஞர்கள். நீல் சைமனின் முணுமுணுப்பைக் கேட்டவர் இப்போது இவர்களுடையதைக் கேட்டார். 1963 செப்டம்பரில் அவர்கள் எழுதிய ஒன்றுக்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் தன் குழந்தை பீட்டர்ஸ் என்ற குடும்பத்தின் குழந்தையோடு மாறிவிட்டது என்று ராப் பிடிவாதமாக நம்புகிறான். அந்தத் தம்பதியை வீட்டுக்கு வரச் சொல்கிறான். கதவைத் திறந்தால் நிற்பவர்கள் கறுப்பினத்தவர். மார்ட்டின் லூதர் கிங்கின் வாஷிங்டன் பேரணி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அலைவரிசையும் ஸ்பான்சரும் நடுங்கினார்கள். பார்வையாளர்கள் சிரிக்காவிட்டால் கடைசிக் காட்சியைத் திரும்ப எடுத்துத் தருகிறேன் என்று லியோனார்ட் உறுதி கொடுத்தார். தேவைப்படவில்லை. கதவு திறந்ததும் எழுந்த சிரிப்பு அந்தத் தொடரின் மிக நீண்ட சிரிப்புகளில் ஒன்று. முட்டாளாக நின்றது ராப் மட்டுமே, வந்தவர்கள் அல்ல. அதனால்தான் அது சிரிப்பாக வந்தது. அந்தத் தொடரே அடுத்தவர்களுக்குப் பள்ளிக்கூடமானது: அதற்கு எழுதிய கேரி மார்ஷல் பின்னால் ‘ஹேப்பி டேஸ்’ தொடரைச் செய்தார். லாராவாக நடித்த மேரி டைலர் மூர் 1970-ல் தன் பெயரிலேயே ஒரு தொடரில் அலுவலகத்தையும் வீட்டையும் மறுபடி சம எடையில் வைத்தார்.

என் வாதத்துக்கு எதிராக, தான் எழுதியதில் தானே நடுவில் நின்று வென்ற சாட்சி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. டீனா ஃபே சிகாகோவின் செகண்ட் சிட்டி மேடையில் நடித்து, ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சிக்கு எழுத்தாளராகப் போய், 1999-ல் அதன் முதல் பெண் தலைமை எழுத்தாளரானவர். பிறகு ‘30 ராக்’ தொடரில் தன்னைப் போன்ற ஒரு தலைமை எழுத்தாளராகத் தானே நடித்தார். பிரமாதமாக நடித்தார். ஆக, நான் சொல்வது சட்டமில்லை. ஆனால் லாரி டேவிட்டைப் பாருங்கள். மேடையில் தனியாக நின்று பேசும் நகைச்சுவைக்காரராக, கூட்டத்தோடு சண்டை போட்டு இறங்கிப் போகிறவர் என்று பெயர் வாங்கினார். அதே ‘சாட்டர்டே நைட் லைவ்’ அவரை ஒரு வருடம் வைத்திருந்து ஒரே ஒரு ஸ்கெட்சைத்தான் ஒளிபரப்பியது. கோபத்தில் வேலையை விட்டு வெளியேறி, திங்கட்கிழமை எதுவும் நடக்காதது போலத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கூத்து அவர் பின்னால் எழுதிய ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் ஜார்ஜ் என்ற பாத்திரத்துக்கு அப்படியே போனது. ஜார்ஜாக நடித்தவர் ஜேசன் அலெக்சாண்டர். இப்படி யாருக்கும் நடக்காது, நடந்தாலும் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று அவர் ஒருமுறை ஆட்சேபித்தபோது, எனக்கு நடந்தது, நான் இப்படித்தான் செய்தேன் என்றாராம் டேவிட். தான் யாராக நடிக்கிறோம் என்று அலெக்சாண்டருக்கு அப்போதுதான் தெரிந்தது.

‘டிக் வான் டைக் ஷோ’ 158 அத்தியாயங்களோடு 1966 ஜூனில் முடிந்தது. யாரும் நிறுத்தவில்லை, ஐந்து வருடம் போதும் என்று அவர்களாகவே முடித்துக்கொண்டார்கள். பதினைந்து எம்மிகள். 1962, 63, 64 மூன்று ஆண்டுகளும் எழுத்துக்கான எம்மியில் ரைனரின் பெயர் இருந்தது. பிறகு சினிமா டைரக்டராகி நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் மார்ட்டினை வைத்து ‘தி ஜெர்க்’ எடுத்தார். 2020-ல், 98 வயதில் இறந்தார். ஆலன் பிரேடிக்காக அவருக்கு நடிப்பு எம்மி கிடைத்தது 1995-ல், ‘மேட் அபவுட் யூ’ என்ற வேறொரு சிட்காமில் அதே பாத்திரமாக விருந்தினராக வந்தபோது. அந்த முறை வசனம் எழுதியவர்கள் வேறு ஆட்கள். ரைனர் நடிக்க மட்டும் போயிருந்தார்.